ஸ்லாப் ஊற்றும் முன்பே பேசி முடியுங்கள்

டாலஸ் பக்கம் கட்டும் புது வீட்டின் கராஜில் ஸ்டீல் புயலறை (சுழற்காற்று வரும்போது ஒதுங்கும் அறை) வைக்கலாம், அதைத் தரையோடு போல்ட் அடிப்பதைக் குடிபோன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அங்கே பல வீடுகளில் தரையாக ஊற்றும் கான்கிரீட் தளம் போஸ்ட்-டென்ஷன் ஸ்லாப்தான். உள்ளே விறைப்பாக இழுத்துக் கட்டிய எஃகுக் கேபிள்கள் ஓடும். துளையிடும்போது ஒன்று அறுந்தால் கான்கிரீட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாயலாம், ஆளுக்கே ஆபத்து. அதனால் அறையின் அளவை இப்போதே பில்டரிடம் கொடுத்து, போல்ட் வரும் இடங்களில் கேபிள் போகாதபடி வரைபடத்தை மாற்றச் சொல்லுங்கள். ஊற்றுவதற்கு முந்தின நாள் டேப் பிடித்து, கேபிள்களைப் படமெடுத்து வையுங்கள். ஸ்லாப் கனம், ஆங்கர் போல்ட் இறங்கும் ஆழம், ஓரத்திலிருந்து தூரம் எல்லாம் பொறியாளர் கையெழுத்திட்ட தாளில் இருக்க வேண்டும்.

'ஃபெமா அங்கீகாரம் பெற்றது' என்ற விளம்பரத்தை நம்பவே வேண்டாம். அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமா எந்தத் தயாரிப்புக்கும் அங்கீகாரம் தருவதில்லை. புயலறைகளுக்கான தரநிலையான ஐசிசி 500-இன்படி சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். 15 பவுண்டு மரச்சட்டம் மணிக்கு 100 மைல் வேகத்தில் மோதியும் கதவு தாங்கியிருக்க வேண்டும். சோதித்த அதே கதவு, அதே கீல், அதே தாழ்ப்பாள்தான் உங்களுக்கும் வர வேண்டும். தாழ்ப்பாளை மாற்றினால் அறிக்கை செல்லாது.

அறைக்குள் தலைக்கு 3 சதுர அடி இடம் குறைந்தபட்சம். பொருத்தியதும் அறை இருக்கும் இடத்தை உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தில் சொல்லி வையுங்கள்.