பந்தயத்துக்கு முன்பே பர்ஸ் காலியாகாமல் இருக்க

கேள்வி: வெளிநாட்டில் ஒரு முழு மராத்தானுக்குப் பதிவு செய்திருக்கிறேன். போன வருடம் ஓர் அரை மராத்தானுக்கு முந்தின நாள் சாயங்காலம் போய் இறங்கும்படி டிக்கெட் போட்டேன். இணைப்பு விமானம் தவறியது, பெட்டி வரவில்லை, கடை மூடுவதற்குள் ஓடிப்போய்ப் புது ஷூ வாங்கி அதிலேயே ஓடினேன், கால் முழுக்கக் கொப்புளம். பதிவுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு வெட்டிச் செலவு. இந்த முறை கையில் எவ்வளவு ஒதுக்கி வைப்பது? ஓடி முடித்த அன்றே திரும்பி வர டிக்கெட் போடலாமா?

பதில்: உங்கள் செலவெல்லாம் கிளம்பிய இடம் ஒன்றுதான், அந்த முந்தின நாள் சாயங்கால டிக்கெட். இடையில் ஒரு நாள் இருந்திருந்தால் விமானம் தவறியது வெறும் எரிச்சலோடு போயிருக்கும், பெட்டியும் அநேகமாக மறுநாள் வந்து சேர்ந்திருக்கும். ஒரு ராத்திரி அறை வாடகை மிச்சம் என்று நினைத்துத்தான் பலரும் இப்படி டிக்கெட் போடுகிறார்கள், கடைசியில் அதைவிட அதிகம் கொடுக்கிறார்கள்.

பந்தயம் ஞாயிறு காலை என்றால் உங்கள் கெடு ஞாயிறு காலை என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். லண்டன், பாஸ்டன் மாதிரியான பெரிய மராத்தான்களில் பந்தய நாளன்று பிப், அதாவது மார்பில் குத்திக்கொள்ளும் எண் சீட்டு, தருவதே கிடையாது, முந்தைய நாட்களில் எக்ஸ்போவுக்கு, அதாவது அதை வழங்கும் கண்காட்சி அரங்குக்கு, அடையாள அட்டையோடு நீங்களே போய் வாங்க வேண்டும். அதனால் எக்ஸ்போ கடைசி நாள் எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள், அங்கிருந்து குறைந்தது ஒரு முழு நாள் பின்னால் எண்ணி விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். நேர வித்தியாசம் அதிகமென்றால், அதுவும் கிழக்கு நோக்கிப் போகிறீர்கள் என்றால், இன்னும் முன்னால் போவது நல்லது. ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு உடம்பு ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் என்பது தோராயக் கணக்கு. அத்தனை நாள் விடுப்பு யாருக்கும் கிடைக்காதுதான், கிளம்புவதற்கு முந்தைய சில நாட்களில் தூங்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் பாதிச் சிரமம் குறையும்.

இரண்டு விமானம் மாற வேண்டுமென்றால் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் விலை குறைவாகத் தெரியும், ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அந்த இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். ஒரே டிக்கெட் என்றால் உங்களை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. இன்னொன்று, பதற்றத்தில் வேறு நிறுவனத்தில் புது டிக்கெட் எடுத்துப் பறந்துவிடாதீர்கள். போகும் பயணத்தில் ஏறாவிட்டால் திரும்பும் டிக்கெட்டும் தானாக ரத்தாவது வழக்கம். முதலில் கவுன்டரில் பேசுங்கள்.

சரி, பெட்டி. பந்தயத்தன்று காலை உங்கள் உடம்பில் என்னென்ன இருக்குமோ எல்லாம் கைப்பையில் வர வேண்டும், ஷூ காலிலேயே வரட்டும். ஓட்டத்துக்குப் போடும் அதே சாக்ஸ், ஷார்ட்ஸ், பனியன், உரசல் வராமலிருக்கத் தடவும் வாஸ்லின், பிப் வாங்கத் தேவையான உறுதிக் கடிதம். வாட்ச்சின் சார்ஜரையும் மறக்காதீர்கள், மாடலுக்கு மாடல் முனை மாறும், அவசரத்துக்கு எங்கும் கிடைக்காது. ஓடும்போது சக்திக்குச் சாப்பிடும் ஜெல் பாக்கெட்டுகளை விமான நிலையச் சோதனையில் திரவமாகத்தான் கணக்கிடுவார்கள். பல விமான நிலையங்களில் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் பைக்குள் அடங்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு பெட்டி வரவில்லையென்றால், விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கவுன்டரில் புகார் எழுதி எண் வாங்கிவிடுங்கள், பெட்டிச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலான சர்வதேசப் பயணங்களுக்கு, விமான நிறுவனங்களின் நஷ்ட ஈட்டுப் பொறுப்பைச் சொல்லும் 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். பெட்டி தாமதமாக வந்தால், கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், சேதமென்றால் 7 நாளுக்குள். 21 நாளாகியும் வரவில்லையென்றால் தொலைந்ததாகக் கருதி நஷ்ட ஈடு கேட்கலாம். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர், இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அவ்வளவையும் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள், உண்மையில் செலவானதற்கு ரசீது கேட்பார்கள். ஓட்ட ஷூ என்ன அவசியப் பொருளா என்று கேட்டால் காட்டுவதற்குப் பந்தயப் பதிவு மின்னஞ்சலையும் சேர்த்து அனுப்புங்கள். பந்தய ஷூவைப் பெட்டியில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவதாக இருந்தால் நீங்கள் ஓடிப் பழகிய அதே மாடல், அதே அளவு. கிடைக்கவில்லையென்றால் காலில் இருக்கும் பழைய ஓட்ட ஷூவிலேயே ஓடுங்கள்.

எவ்வளவு ஒதுக்குவது என்று கேட்டீர்கள். சதவீதக் கணக்கில் எனக்கு நம்பிக்கையில்லை. போகும் ஊரில் ஒரு கூடுதல் ராத்திரி அறை, விமான நிலையத்திலிருந்து ஒரு டாக்ஸி, முழு ஓட்ட உடுப்பும் ஷூவும், டிக்கெட் மாற்றும் கட்டணம், இந்த நான்கையும் கூட்டுங்கள், அதுதான் உங்கள் தொகை. ஓட்டல்காரர்கள் முன்பணமாகப் பிடித்து வைக்கும் தொகையை டெபிட் கார்டில் போட்டால் உங்கள் கைப்பணமே முடங்கும், அதற்குக் கிரெடிட் கார்டைக் கொடுங்கள். கார்டு மெஷின் எந்த நாணயத்தில் எடுக்கட்டும் என்று கேட்டால் அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள், உங்கள் நாணயத்தில் எடுக்கச் சொன்னால் மாற்று விகிதத்தில் தீட்டிவிடுவார்கள்.

அறையை ரத்து செய்யக்கூடியதாகவே போடுங்கள். பந்தயமே நடக்காமலும் போகும். 2012-ல் சாண்டி புயலுக்குப் பிறகு நியூயார்க் மராத்தானை இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை அன்று ரத்து செய்தார்கள், வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் பலர் அதற்குள் வந்து இறங்கிவிட்டார்கள். பயணக் காப்பீட்டை டிக்கெட் போடும்போதே எடுங்கள், விளையாட்டுப் போட்டிகளை விலக்கும் விதி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறொன்றுக்கு. இவ்வளவு செலவு செய்து வந்தாச்சே, ஓடாமல் எப்படிப் போவது என்ற எண்ணம்தான் ஆளைச் சாய்க்கும். ஒரு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்பதற்காகப் பயப்பட வேண்டாம், அதோடு ஓடலாம். ஆனால் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் 42.195 கிலோமீட்டர் ஓடவே கூடாது. காய்ச்சலோடு கடுமையாக ஓடினால் இதயத் தசை வரை பாதிக்கலாம். போன பணம் ஓடினாலும் வராது, ஓடாவிட்டாலும் வராது. அமைப்பாளர்கள் அடுத்த வருடத்துக்கு இடத்தை மாற்றித் தருவார்களா, அதற்குக் கடைசித் தேதி என்ன என்று ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்து வைத்தால் அந்த நேரத்தில் முடிவெடுப்பது சுலபம்.

அன்றே திரும்ப வேண்டாம். மணிக்கணக்காக ஓடிய காலை மடக்கி விமானத்தில் உட்கார்ந்தால் வீங்கும், ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு, தவிர சாலை அடைப்பில் மாட்டி விமானத்தையே தவறவிடலாம். மறுநாள் மதியத்துக்கு மேல் போடுங்கள். அன்றே கிளம்பித்தான் ஆக வேண்டும் என்றால், நீங்கள் ஓடி முடித்து வருவதற்குள் அறையைக் காலி செய்யும் நேரம் தாண்டியிருக்கும், அதனால் பெட்டியை எங்கே வைப்பது, வந்து எங்கே குளிப்பது என்று அறைக்குள் நுழையும் அன்றே வரவேற்பில் கேட்டு வைத்துவிடுங்கள்.