இருபதாயிரம் டாங்கிகள் என்ன ஆயின?

வணக்கம் சார்,

இரண்டாம் உலகப்போர் பற்றிய உங்கள் கட்டுரையில், 1941 ஜூனில் சோவியத்தின் செம்படை போருக்குத் தயாராக இல்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அன்று சோவியத்திடம் இருபதாயிரத்துக்கு மேல் டாங்கிகள். படையெடுத்து வந்த ஜெர்மனியிடம் நாலாயிரம்கூட இல்லை. சோவியத் தரப்பில் ஏறக்குறைய ஐம்பது லட்சம் பேர் சீருடையில் இருந்தார்கள். இதற்குப் பெயர் தயாராக இல்லாததா? ஸ்டாலினே முந்திக்கொண்டு ஜெர்மனியைத் தாக்கத் திட்டமிட்டிருந்தார் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அடிக்கக் கிளம்பியவனுக்குத் தடுக்கத் தெரியாமல் போகுமா?

கார்த்திகேயன், திருச்சி

அன்புள்ள கார்த்திகேயன்,

ஒரே வரியில் எழுதியது என் சோம்பல்தான். உங்கள் எண்களில் தப்பில்லை. உங்கள் பக்கம் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: டி-34, கேவி என்ற புது வகை டாங்கிகள் மேற்கு எல்லை மாவட்டங்களில் ஆயிரத்துக்கு மேல் நின்றன. ஜெர்மானியரின் 37 மில்லிமீட்டர் பீரங்கி அவற்றின் கவசத்தின் முன்னால் திண்டாடியது. லித்துவேனியாவில் ரசெய்னியாய் அருகே ஒற்றை கேவி டாங்கி சாலையில் நின்றுகொண்டு, ஜெர்மனியின் 6ஆவது பான்சர் (டாங்கி) டிவிஷனின் ஒரு பிரிவுக்குப் பொருள் போகும் வழியையே மறித்து வைத்தது. இதை எழுதி வைத்தவர்கள் ஜெர்மன் தரப்பினர்தான்.

சரி, இவ்வளவும் இருந்து ஒரே வாரத்தில் பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க் எப்படி விழுந்தது?

கதையை 1939 நவம்பரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த மாதம் செம்படை தன் பெரிய டாங்கிப் படையணிகளைக் கலைக்க முடிவு செய்தது. ஆறே மாதம் கழித்து பான்சர்கள் பிரான்சைச் சுருட்டிவிட்டன. அதைப் பார்த்துப் பதறி, கலைத்ததைவிடப் பெரிதாக மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள். 1940இல் ஒன்பது இயந்திரப் படையணிகள், அதாவது டாங்கிகளும் வண்டியில் போகும் காலாட்படையும் சேர்ந்தவை. அவை நிரம்புவதற்குள் 1941 தொடக்கத்தில் மேலும் இருபது. தாளில் ஒரு படையணிக்கு 1,031 டாங்கிகள், 36,000 பேர். இருபத்தொன்பதால் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட முப்பதாயிரம் டாங்கிகள் வேண்டும். நீங்கள் சொல்லும் அந்த இருபதாயிரத்துச் சொச்சத்தையும் உருட்டி எடுத்துப் போட்டால்கூடப் போதாது. அதிலும் கணிசமானவை பழுது பார்க்கக் காத்திருந்த பழைய வண்டிகள்.

டாங்கி மட்டும் தனியாகப் போய்ச் சண்டை போடாது. பின்னாலேயே பெட்ரோல் லாரி, குண்டு லாரி, பழுது பார்க்கும் வண்டி, பீரங்கியை இழுக்கும் டிராக்டர் எல்லாம் போக வேண்டும். இவற்றில் பெரும்பங்கு போர் அறிவிப்பு வந்த பிறகு கூட்டுப்பண்ணைகளிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் எடுக்கப்படும் என்பது திட்டம். அறிவிப்போ குண்டு விழுந்த பிறகுதான் வந்தது. புது டாங்கி தேய்ந்துவிடுமே என்று பயிற்சிக்குக் கொடுக்கத் தயங்கியதால், டிரைவர்களில் பலர் அதைச் சில மணி நேரமே ஓட்டிப் பழகியிருந்தார்கள். டாங்கிகளில் பாதிக்கு மேல் ரேடியோ கிடையாது. கொடி காட்டித்தான் கட்டளை.

உக்ரைனில் தளபதி ரியாபிஷேவின் 8ஆவது இயந்திரப் படையணி நல்ல பலத்தோடு இருந்தது. முதல் நாலைந்து நாளில் அதை இங்கே போ, அங்கே போ என்று மாறி மாறி அலைக்கழித்தார்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடி, டூப்னோ சண்டைக்கு வந்து சேர்ந்தபோது டாங்கிகளில் ஏறத்தாழ பாதி வழியிலேயே நின்றுவிட்டன. அந்தப் படையணியில் டி-35 என்று ஐந்து சுழல்கோபுரம் வைத்த ராட்சத வண்டிகளும் இருந்தன, மே தின அணிவகுப்பில் பார்க்க அப்படி இருக்கும். அவற்றில் மிகப் பலவற்றை எதிரி தொடவேயில்லை, பழுதாகி நின்றன. உங்கள் டாங்கிகளில் பல போன வழி இதுதான்.

அதிகாரிகள் விஷயம் தெரிந்ததே. 1937-38இல் ஸ்டாலின் ராணுவத்தில் நடத்திய களையெடுப்பில் ஐந்து மார்ஷல்களில் மூவர் போனார்கள். எல்லாத் தோல்வியையும் அதன் தலையில் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. படை சில ஆண்டுகளில் மூன்று மடங்கு வீங்கியிருந்தது, களையெடுப்பே நடக்காவிட்டாலும் அதற்குத் தளபதிகள் போதியிருக்க மாட்டார்கள். ஸ்பெயினில் ஒரு டாங்கி பிரிகேடை நடத்திய பாவ்லோவ், நாலே ஆண்டில் பெலாரஸ் எல்லை முழுவதற்கும் பொறுப்பாளர். போர் தொடங்கி ஒரே மாதத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

எனக்கு மன்னிக்க முடியாததாகத் தெரிவது, ஜெர்மனி தாக்குவதற்கு முந்தைய ஜூன் 21 இரவு. பாதுகாப்பு அமைச்சர் திமோஷென்கோவும் ராணுவத் தலைமைப் பணியகத் தலைவர் ஷுகோவும் கிரெம்ளினில் எச்சரிக்கைக் கட்டளையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்டாலின் அதை மென்மையாக்கச் சொல்கிறார். கடைசியில் போன கட்டளை, தயார்நிலைக்கு வாருங்கள் என்றும் சொன்னது, சீண்டலுக்கு இடம் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கர்னல் என்ன செய்வார்? அதுவும் நள்ளிரவுக்குப் பிறகே அனுப்பப்பட்டதால் பல பிரிவுகளுக்குக் குண்டுகள்தான் முந்தி வந்தன. முதல் நாளில் சுமார் 1,200 விமானங்கள் போயின என்பது சோவியத் கணக்கு. பெரும்பாலானவை தரையில் நின்றபடியே எரிந்தன. அதே இரவில் கடற்படைத் தலைவர் குஸ்னெத்சோவ், முன்பே ஒத்திகை பார்த்திருந்த தயார்நிலையைத் தொலைபேசியிலேயே அறிவித்தார். கருங்கடல் கடற்படைத் தளமான செவஸ்தபோலில் விளக்குகள் அணைந்தன, வந்த விமானங்களை பீரங்கிகள் எதிர்கொண்டன. துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாடும் ஒன்று, இரவும் ஒன்று.

அப்புறம், ஸ்டாலின் முந்தித் தாக்கவிருந்தார் என்பது. 1941 மே மாதம் தலைமைப் பணியகம் அப்படி ஒரு வரைவு எழுதியது உண்மை. ஸ்டாலின் அதை ஏற்றார் என்பதற்குச் சான்றில்லை. ஆனால் தாக்கவே பழகிய படை என்பது சரிதான். அதனால்தான் பெருந்தொகைப் படை பியாலிஸ்டாக் போல எதிரிப் பக்கம் துருத்தி நின்ற பகுதிகளில் குவிந்து கிடந்தது. ஜெர்மானியர் இரண்டு பக்கமும் வளைத்தபோது வெளியே வர வழியில்லை. 1939-40இல் எல்லை மேற்கே நகர்ந்திருந்தது; பழைய எல்லையின் அரண்களைக் கழற்றியாயிற்று, புதிய எல்லையில் கட்டுமானம் முடியவில்லை. அடிக்கத் தெரிந்தவனுக்குத் தடுக்கவும் தெரியும் என்ற உங்கள் கணக்கு இங்கேதான் உதைக்கிறது.

ஒன்றில் மட்டும் அவர்கள் நிஜமாகவே தயாராக இருந்தார்கள்: இழந்த படைக்குப் பதிலாக இன்னொரு படையை எழுப்புவதில். ஆகஸ்ட் 11 அன்று ஜெர்மன் ராணுவத் தலைமைப் பணியகத்தின் தலைவர் ஹால்டர் தன் நாட்குறிப்பில் எழுதுகிறார்: சுமார் 200 ரஷ்ய டிவிஷன்கள் என்று கணக்குப் போட்டோம், இப்போதே 360 எண்ணிவிட்டோம் என்று. என் ஒற்றை வரியில் இதற்கு இடமே இல்லை. திருத்தி எழுதுகிறேன்.

அன்புடன்.