புது ரேடியேட்டரில் பழைய டிரெயின் காக் பொருந்தவில்லை

கேள்வி: எங்கள் வீட்டில் தாத்தா காலத்து அம்பாசடர் மார்க் 2 இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய ரேடியேட்டர் பற்றவைத்துப் பற்றவைத்து நைந்துபோனதால், மேட்டுப்பாளையத்தில் செம்பு, பித்தளையால் ஆன புது ரேடியேட்டர் ஒன்றை வாங்கி மாட்டினோம். பழையதன் அடியில் இருந்த, தண்ணீரை இறக்கும் குழாய்த் திருகான பித்தளை டிரெயின் காக் இதில் இல்லை. கீழ்த் தொட்டியில் பிளாஸ்டிக் மூடியிட்ட இரண்டு துளைகள்தாம் இருக்கின்றன. பழைய காக்கை ஒன்றில் திருகினால் இரண்டு சுற்றிலேயே இறுகிவிடுகிறது. வெள்ளை டேப் சுற்றியும் சொட்டு நிற்கவில்லை. எது வடிகால் துளை? இரண்டையும் எப்படி அடைப்பது?
– வாசகர், கோத்தகிரி

பதில்: முதலில், அந்தப் பிளாஸ்டிக் மூடிகள் வண்டியில் ஏற்றி வரும்போது தூசி புகாமல் இருப்பதற்காக மட்டுமே போடப்பட்டவை, சூட்டையும் அழுத்தத்தையும் அவை தாங்கமாட்டா. தொட்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில், அடிப்புறமாகவோ பின்புறமாகவோ இருப்பதே வடிகால் துளை. சற்று மேலே, பெரும்பாலும் அகலமாக இருக்கும் மற்றொன்று, மின்விசிறியை இயக்கும் வெப்பச் சுவிட்சுக்காக வைக்கப்படுவது. உங்கள் காரின் விசிறி பெல்ட்டில் ஓடுவதாலும், வெப்பமானியின் முனை என்ஜின் ஹெட்டில் இருப்பதாலும், அத்துளைக்கு வேலையில்லை, நிரந்தரமாக அடைத்துவிடலாம். ரேடியேட்டர் ஏற்கெனவே வண்டியில் இருப்பதால், டார்ச் விளக்கும் ஒரு சிறு கண்ணாடியும் கொண்டு அடியிலிருந்து பார்த்தால் இரண்டும் தெளிவாகத் தெரியும்.

காக் இரண்டு சுற்றில் இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் மரை, அதாவது திருகுப் புரிகளின் வேறுபாடாக இருக்கலாம். கால் அங்குல பிரிட்டிஷ் குழாய் மரையில் அங்குலத்துக்கு 19 புரிகளும், அதே அளவுள்ள அமெரிக்கக் குழாய் மரையில் 18 புரிகளும் இருக்கும். முன்னதன் கோணம் 55 டிகிரி, பின்னதன் கோணம் 60 டிகிரி. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இவை தொடக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும், பிறகு கடித்துக்கொள்ளும். ஆனால் இறுகுவதெல்லாம் தவறான மரை என்றும் முடிவு செய்துவிடக் கூடாது. முனை நோக்கிச் சரிந்து குறுகும் கூம்பு மரை, விரலால் மூன்று நான்கு சுற்று போனபின் படிப்படியாக இறுகுவது இயல்பே. பொருந்தாத மரையோ திடீரென நிற்கும், நிற்கும் முன் பக்கவாட்டில் ஆடும், கழற்றிப் பார்த்தால் ஓரிரு புரிகளில் மட்டும் புதிதாகத் தேய்ந்த பளபளப்பு தெரியும். உங்களுடையது அப்படி இருந்தால் மேற்கொண்டு முறுக்காதீர்கள். லேத் பட்டறையில் மரை கேஜ் வைத்துத் துளையை அளந்து, அதற்கேற்ற பித்தளை பிளக்கோ காக்கோ வாங்குவதே சரி. துளையைப் பெரிதாக்கிப் பழைய காக்கை எப்படியாவது நுழைக்கலாம் என்று யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். துளையைச் சுற்றித் தொட்டியில் பற்றவைத்திருக்கும் பித்தளைப் புடைப்பில் அவ்வளவு சதை கிடையாது.

எந்த இடத்தில் நீர் தடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அடைக்கும் முறை அமையும். கூம்பு மரையில் புரிகளே நீரைத் தடுப்பதால் டேப் அங்கே பயன்படும்: பிளக்கின் முனை உங்களை நோக்கி இருக்கும்படி பிடித்து, முதல் புரியை விட்டுவிட்டு, கடிகார முள் சுற்றும் திசையில் இரண்டு மூன்று சுற்று இழுத்துச் சுற்றினால், திருகும்போது டேப் அவிழாது, துணுக்குகளும் உள்ளே போகா. குறுகாமல் ஒரே பருமனாக இருக்கும் நேர் மரையிலோ பிளக்கின் தலைக்கு அடியில் உள்ள வாஷரே நீரைத் தடுக்கிறது. அங்கே எத்தனை சுற்று டேப் போட்டாலும் பயனில்லை. துளையின் வாயைச் சுற்றித் தட்டையாகக் கடைந்த முகம் இருந்தால் அது நேர் மரைக்கு நல்ல அடையாளம். அதற்குப் புதிய செம்பு வாஷர் அல்லது ஃபைபர் வாஷர் போடுங்கள். பழைய செம்பு வாஷரைச் செந்நிறமாகக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மீண்டும் மென்மையாகும் என்றாலும், புதியது சில ரூபாய்க்குக் கிடைக்கும்போது அந்த உழைப்பு தேவையில்லை.

இறுக்கும்போது புடைப்பை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். அது தொட்டியோடு ஈயப்பற்றால்தான் ஒட்டியிருக்கிறது. ஸ்பேனரின் பலத்துக்கு முன் ஈயப்பற்று நிற்காது. கூம்பு மரையுள்ள காக்கின் கைப்பிடி வசதியான பக்கம் பார்க்கவில்லை என்பதற்காக ஒருபோதும் பின்னோக்கித் திருகாதீர்கள், உடனே கசியும். கழற்றிவிட்டுப் புதிய டேப்போடு மறுபடி மாட்டுவதுதான் வழி. எம்-சீலால் மூடிவிடலாம் என்ற யோசனை அடுத்த முறை தண்ணீர் இறக்கும்போது வினையாகும். மஞ்சள் தூள் போடும் பழைய ஓட்டுநர் வைத்தியமோ மெல்லிய குழல்களை அடைக்கும், இந்த மரைக் கசிவைக் குணப்படுத்தாது.

சிறு சொட்டுதானே என்று விடுவதற்கு உங்கள் ஊர் ஏற்ற இடமன்று. கோத்தகிரியின் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும் ரேடியேட்டர் மூடி ஒன்று அதைப் பத்துப் பன்னிரண்டு டிகிரி உயர்த்தித் தருகிறது. பிளக் வழியே நீர் குறைந்து அழுத்தமும் நழுவினால் அந்த இடைவெளி போய்விடும். மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டாம் கியரில் ஏறி வரும் வண்டிக்கு அந்த இடைவெளி அவசியம். ஆகவே அடைத்தபின் என்ஜினை நன்றாகச் சூடாக்கி, முழுதும் ஆறவிட்டு, மரையைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். வெண்மையாகவோ பச்சையாகவோ பொருக்கு படிந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். தண்ணீருக்குக் கசியாத மரை கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் கலந்த கூலன்டுக்குக் கசிவதுண்டு என்பதால், கூலன்ட் ஊற்றியபின் மறுபடியும் சோதியுங்கள். இறக்கும் கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், அது அவற்றுக்குக் கொடிய நஞ்சு.

இன்னொன்று, ரேடியேட்டரின் பிளக்கைத் திறந்தால் என்ஜின் பிளாக்கில் உள்ள தண்ணீர் முழுதும் இறங்காது. அதற்குப் பிளாக்கின் பக்கவாட்டில், பின்பகுதியில், தனியாக ஒரு காக் உண்டு. திறந்தும் ஒன்றும் வராவிட்டால் காலி என்று எண்ணிவிடாமல், துருச்சேறு அடைத்திருக்கும் துளையை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள்.