இருபது வருடம் கழித்து நோட்டைத் திறந்தால்

ஐயா, வணக்கம்.

எனக்கு வயது 39. உசிலம்பட்டியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பிளஸ் டூவோடு நின்ற படிப்பை 21 வருடம் கழித்துத் தொடர்கிறேன். போன வருடம் தொலைநிலைக் கல்வியில் பி.காம். சேர்ந்தேன். மாதம் இரண்டு ஞாயிறு மதுரையில் தொடர்பு வகுப்பு. வீட்டு வேலை முடித்து இரவு ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை தினமும் படிக்கிறேன். அப்படியும் முதல் செமஸ்டரில் நான்கு தாளில் இரண்டு அரியர். அதில் ஒன்று கணக்குப்பதிவியல்! பத்து வருடமாக டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்குப் போடுகிறவள் நான்.

மூன்று மணி நேரம், 75 மார்க். ஒரு மார்க் பத்து, ஏழு மார்க் ஐந்து, பத்து மார்க் மூன்று. பாதியிலேயே கை வலித்து, பத்து மார்க் ஒன்றை எழுதாமலே எழுந்து வந்தேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது, ஹாலில் உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. வயதாகிவிட்டதால் மண்டையில் ஏறவில்லையா? வகுப்பில் எல்லாரும் என் அக்கா மகன் வயதுப் பிள்ளைகள், சந்தேகம் கேட்கவும் கூச்சம். ஏப்ரலில் தேர்வு. அரியரோடு சேர்த்து ஆறு தாள். எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி, உசிலம்பட்டி

*

அன்புள்ள சகோதரிக்கு,

வயதை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பாடப்பகுதியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள். இன்னொன்றை ஒரே தடவை படித்து, மூடிவைத்துவிட்டு நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, இரண்டு தடவை படித்ததில் 81 சதவீதம் நினைவில் இருந்தது. மூடி எழுதியதில் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ். இரண்டு தடவை படித்தது 42ஆக இறங்கிவிட்டது, மூடி எழுதியது 56இல் நின்றது.

இருபது வயதுப் பிள்ளைகளுக்கே திரும்பத் திரும்பப் படித்ததில் பாதிக்கு மேல் ஒரு வாரத்தில் போய்விட்டது. அந்த 81தான் நம்மை ஏமாற்றுகிறது. படித்த சூட்டில் எல்லாம் தெரிகிற மாதிரி இருக்கும். நீங்கள் 'புரிகிறது' என்று எழுதியிருப்பது அந்தச் சூட்டைத்தான். மண்டையில் ஏறத்தான் செய்கிறது, அங்கிருந்து இறக்கி எடுக்கும் பழக்கம்தான் விட்டுப்போயிருக்கிறது. இரவு இரண்டரை மணி நேரமும் ஏற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். ஹாலில் கேட்பதோ இறக்கச் சொல்லி.

கணக்குப்பதிவியலில் போனது எனக்கு ஆச்சரியமாக இல்லை. டேலியில் நீங்கள் வவுச்சர், அதாவது ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் ஒரு பதிவு, போடுகிறீர்கள். பேரேட்டில், அதாவது ஒவ்வொரு பெயருக்கும் உள்ள தனிக் கணக்கில், எடுத்து எழுதுவதையும், பற்றும் வரவும் சமமா என்று பார்க்கிற இருப்பாய்வு போடுவதையும் அதுவே செய்துகொள்கிறது. தேர்வில் கேட்பது டேலி உங்களுக்காகச் செய்து தரும் அந்த வேலையைத்தான். பத்து வருட அனுபவம் அந்த இடத்தில் உதவாது. வேறொரு இடத்தில் உதவும். சில்லறைக் கடைக்காரர் கடனுக்குச் சரக்கு எடுத்தால் உங்கள் ஆட்கள் 'பற்று எழுது' என்பார்கள், பணம் கட்டினால் 'வரவு வை' என்பார்கள். அது அந்தக் கடைக்காரர் கணக்கில் பற்று, வரவு. கல்லாவையும் ஒரு ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். பணம் வந்தால் கல்லா வாங்கிக்கொள்கிறது, வாங்கினவருக்குப் பற்று. 'பணம் வருகிறது, அப்புறம் ஏன் ரொக்கக் கணக்கில் வரவு எழுதவில்லை' என்று குழம்புகிறவர்கள் கடைக்காரர் கணக்கையும் கல்லாக் கணக்கையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதினைந்து நிமிடம். அன்று நடந்தவற்றில் ஐந்தே ஐந்து, பெயரை மாற்றி, ஒரு தாளில் கையால் எழுதுங்கள். முதலில் நடந்ததைத் தேதி வரிசையில் எழுதும் குறிப்பேடு, ஒவ்வொன்றின் கீழும் எதற்கான பதிவு என்ற விளக்கக் குறிப்பு, பிறகு பேரேடு. எழுதி முடித்த பிறகுதான் டேலியில் அந்தப் பதிவைத் திறந்து ஒப்பிட வேண்டும். உங்களுக்கு விடைத்தாள் கடைக் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது, எந்தக் கல்லூரிப் பையனுக்கும் இது வாய்க்காது. அடிப்படை ஆட்டம் கண்டிருந்தால், பதினோராம் வகுப்பு அரசுப் பாடநூலில் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம் எல்லாம் தமிழில் தெளிவாக இருக்கிறது. இணையத்தில் இலவசம். வெட்கப்படாமல் அதிலிருந்து தொடங்குங்கள்.

தீர்த்து வைத்த கணக்கை வாசிப்பது கணக்குப் போடுவது ஆகாது. தேய்மானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 80,000 ரூபாய் இயந்திரம், 15 சதவீதம், குறைந்து செல் மதிப்பு முறை, அதாவது ஒவ்வொரு ஆண்டும் மீதி மதிப்புக்கு மட்டும் போடுவது. புத்தகத்தைப் பார்த்தால் முதல் ஆண்டு 12,000, அடுத்து 68,000த்துக்கு 10,200, அடுத்து 57,800க்கு 8,670 என்று தண்ணீர் மாதிரி ஓடும். மூடிவிட்டுப் போடுங்கள். நின்றுபோனால் ஐந்து நிமிடம் முட்டிப் பாருங்கள், அப்புறம் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். மறுநாள் அதே கணக்கு. நான்காம் நாள் ஒன்றை மாற்றுங்கள். இயந்திரம் வாங்கியது அக்டோபர் 1, கணக்கு முடிப்பது மார்ச் 31 என்று வையுங்கள். இப்போது முதல் ஆண்டுக்கு ஆறு மாதம்தான், 6,000. இரண்டாம் ஆண்டு 74,000த்துக்கு 11,100. கேள்வியில் அந்தத் தேதி ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்க்காமல் போட்டால் கீழே உள்ள எல்லா எண்ணும் தப்பு. இப்படித் தவறுகிற இடங்களைக் கடைசிப் பக்கத்தில் தனியாகக் குறித்து வாருங்கள். தெரியாமல் தவறியதா, தெரிந்தும் மறந்ததா, கூட்டலில் போனதா என்று பக்கத்தில் ஒரு வார்த்தை போதும். ஒரு மாதத்தில் உங்கள் வியாதி என்னவென்று அந்தப் பக்கமே சொல்லும். கூட்டலில் போகிறவர் மறுபடி பாடம் படித்து என்ன பயன்?

இரவு நேரத்தை விட்டுவிடுங்கள். நாள் முழுக்க நின்று, சமைத்து, கணக்கு எழுதிய உடம்பு பதினொன்றுக்கு மேல் வாசிப்பது கண்ணோடு போகிறது. தூக்கத்தைக் குறைத்தால் பகலில் படித்ததும் சரியாகப் பதியாது. பத்து மணிக்குப் படுத்து, நாலே முக்காலிலிருந்து ஐந்தரை வரை, முக்கால் மணி நேரம் போதும். அதில் முதல் பத்து நிமிடம் புதுப்பாடம் கிடையாது. நேற்றைய பாடத்தில் ஒரு கேள்வி, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று, மூன்றையும் புத்தகத்தை மூடி, குறிப்பாக எழுதிப் பாருங்கள். மீதி முப்பத்தைந்து நிமிடம் புதுசு. போன் அடுத்த அறையில் இருக்கட்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவை இரவில் ஒரு தடவை பார்த்தால் போதும், அதில் வருவதில் முக்கால்வாசி 'ஹால்டிக்கெட் வந்துருச்சா' என்பதுதான்.

ஒரு மார்க், சிறு கேள்விகளுக்கு அட்டை செய்துகொள்ளுங்கள். வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை கட்டுக்கட்டாகக் கிடக்கும். அச்சில்லாத தாளாகப் பார்த்து நான்காக வெட்டி, முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. ஒரு அட்டைக்கு ஒரு கேள்விதான். ஒரே அட்டையில் நாலைந்து எழுதினால், தெரிந்த மூன்றின் தைரியத்தில் தெரியாததும் நழுவிப்போகும். யூனிட்டுக்கு எட்டு அட்டை அளவாக இருக்கும். தொடர்பு வகுப்புக்கு வரும் நாளில் பஸ்ஸில் புத்தகம் வாசித்தால் குமட்டும். அட்டையில் கேள்வியை மட்டும் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்து மனதுக்குள் விடை சொல்லுங்கள். செக்கானூரணிக்குள் பத்து அட்டை. பஸ் அங்கே நிற்கும்போது பின்பக்கம் திருப்பிச் சரிபாருங்கள். அங்கிருந்து நாகமலை புதுக்கோட்டை வரை தவறியவை மட்டும். சரியாக வந்தவை ஒரு ரப்பர் பேண்டில், வராதவை இன்னொன்றில். வராத கட்டு மறுநாளும் கையில் இருக்க வேண்டும், வந்த கட்டு அடுத்த வாரம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அம்மாவைத் தப்புப் பிடிப்பதில் அவர்களுக்குத் தனி உற்சாகம்.

இனி கை. இதை யாரும் படிப்பாக நினைப்பதில்லை, ஆனால் உங்கள் பத்து மார்க் ஒன்று இதில்தான் போனது. ஏழு மார்க்குக்கு இரண்டு பக்கம், பத்து மார்க்குக்கு மூன்றரைப் பக்கம் என்றால் மொத்தம் இருபது பக்கத்துக்கு மேல் வருகிறது. கீபோர்டு தட்டியே பழகின கை மூன்று மணி நேரத்தில் அதை எழுதாது. ரொம்ப நாள் எழுதாதவர்கள் பேனாவை இறுக்கிப் பிடித்து அழுத்துவார்கள், கட்டைவிரலின் அடியில் வலி அதனால்தான். தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், எழுத்து முண்டு முண்டாகத் தெரிந்தால் அழுத்தம் அதிகம். லேசாக ஓடுகிற ஜெல் பேனாவில் அழுத்தத் தேவையில்லை, காய்வதற்குள் கை பட்டால் இழுத்துவிடும் என்பது ஒன்றுதான் தொல்லை. முதல் வாரம் தினம் பத்து நிமிடம் விடாமல் எழுதுங்கள். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். பத்தாவது வாரம் முக்கால் மணிக்கு மேல் தொடர்ந்து வரும். பிறகு இரண்டு ஞாயிறு முழுத் தேர்வு, மூன்று மணி நேரம், கடிகாரம் வைத்து.

அந்தக் கடிகாரக் கணக்கு: ஒரு மார்க் பத்துக்கும் சேர்த்துப் பத்து நிமிடம். ஏழு மார்க் ஒவ்வொன்றுக்கும் பதினைந்து, மொத்தம் 75. பத்து மார்க் ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து, அதுவும் 75. ஆகமொத்தம் 160. கேள்வித்தாளை வாசிக்க ஐந்து, கடைசியில் எண் சரிபார்க்கப் பதினைந்து. பதினைந்து நிமிடம் முடிந்தால் வாக்கியம் முடியாவிட்டாலும் இடம் விட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். நன்றாகத் தெரிந்த ஏழு மார்க்கை அரைமணி நேரம் எழுதினாலும் எட்டு தரமாட்டார்கள்.

நாட்களை எண்ணிப் பார்த்தீர்களா? தேர்வுக்குப் பதினான்கு வாரம் இருக்கிறது என்றால் 98 நாள். பொங்கலுக்கு நாலு, சிவராத்திரிக்குக் குலசாமி கோயில் என்று மூன்று, தொடர்பு வகுப்பு ஞாயிறு ஏழு, கடையில் மார்ச் வருடக் கணக்கு முடிக்கிற பத்து நாள், கல்யாணம் காதுகுத்து காய்ச்சல் என்று எட்டு. மீதி 66. ஆறு தாள், தாளுக்கு ஐந்து யூனிட் என்றால் முப்பது யூனிட். ஒரு யூனிட்டுக்கு இரண்டு நாளுக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். எல்லாவற்றையும் முழுசாகப் படிக்கலாம் என்ற எண்ணத்தை இந்தக் கணக்கோடு விட்டுவிடுங்கள். பழைய கேள்வித்தாள் மூன்று வருடத்துடையதை எடுங்கள், பாடத்திட்டம் மாறியிருந்தால் பழசு குழி பறிக்கும், அதனால் தாளின் குறியீட்டைப் பார்த்து எடுங்கள். ஏழு மார்க்கில் யூனிட்டுக்கு ஒன்று 'அல்லது' போட்டு வருகிறதா என்று பாருங்கள். வந்தால், ஒரு யூனிட்டை முழுக்க விட்டவருக்கு அந்த ஏழு மார்க் அப்படியே போகும். மூன்று யூனிட்டைக் கரைத்துக் குடிப்பதைவிட ஐந்திலும் பாதி தெரிந்திருப்பது மேல். அரியர் தாள் இரண்டையும் முதல் மூன்று வாரத்திலேயே எடுங்கள், அவை அரைகுறையாகவாவது தெரிந்தவை. கடைசிக்குத் தள்ளினால் மார்ச் கணக்கு முடிப்பில் மாட்டிக்கொள்ளும். தேர்வு சித்திரைத் திருவிழாவை ஒட்டி விழுந்தால், மதுரைக்குள் பஸ் சுற்றிப் போகும், அன்று ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.

புது நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் படிக்க அருமையான இடம்தான். ஆனால் ஆரப்பாளையத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போய்வர உங்களுக்குப் பாதி ஞாயிறு ஆகும். முழுத் தேர்வு எழுதிப் பார்க்கும் நாளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கூச்சத்துக்கு வருகிறேன். 'சார், புரியல' என்று எழுந்து நின்றால்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஆசிரியருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. நீங்களே போட்டுப் பார்த்த கணக்கை நோட்டில் கொண்டுபோங்கள். நின்றுபோன வரிக்கு நேரே பென்சிலில் ஒரு கோடு. இடைவேளையில் அதைக் காட்டி, 'இந்த வரியிலிருந்து இந்த வரிக்கு எப்படி சார் வந்துச்சு?' என்று கேளுங்கள். பெரும்பாலும் அரை நிமிட வேலையாகத்தான் இருக்கும். வகுப்பு முடிந்ததும் பைக்கைக் கிளப்பிவிடுவார், அதனால் தேநீர் இடைவேளையிலேயே பிடித்துவிடுங்கள்.