கண் வறட்சி: எந்தத் துளி மருந்தைத் தொடர்வது?

புதுக்குடியிருப்பிலிருந்து 52 வயது அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் தையல், அதோடு கொஞ்சம் வயல். மூன்று வருடமாகக் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல். செயற்கைக் கண்ணீர் மருந்து போதாமல் போகவே, கண் டொக்டர் இரண்டு துளி மருந்து எழுதியிருக்கிறார். ஸ்டீரொய்ட் இரண்டு வாரத்துக்கு. சைக்ளோஸ்போரின் காலையும் இரவும், மாதக்கணக்கில். "முதலாவது விட்டவுடன் சுகம். மற்றது விட்டால் மிளகாய் பட்ட மாதிரி எரிகிறது, பத்து நாளில் நிறுத்திவிட்டேன். சுகம் தந்ததையே கடையில் வாங்கி இரண்டு மாதமாக விடுகிறேன். தொடரலாமா?"

தொடரக்கூடாது, அக்கா. நீங்கள் நிறுத்தியதுதான் தொடர வேண்டிய மருந்து. ஆனால் இரண்டு மாதம் விட்ட ஸ்டீரொய்டை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். இந்தக் கிழமைக்குள் கண் கிளினிக்குக்குப் போய், கண் அழுத்தத்தைப் பார்த்து, எப்படிக் குறைப்பது என்று கேளுங்கள்.

கண் வறட்சி என்றால் கண்ணீர் குறைவது மட்டும் என்று நினைக்கிறோம். கண்ணீர் குறைந்தாலோ சீக்கிரம் காய்ந்தாலோ, மிஞ்சியதில் உப்பு கூடுகிறது. அது கண்ணின் மேற்பரப்பைப் புண்ணாக்க, அங்கே அழற்சி கிளம்புகிறது. அந்த அழற்சி கண்ணீர்ச் சுரப்பியையும் கெடுக்க, கண்ணீர் இன்னும் குறைகிறது. செயற்கைக் கண்ணீர் இந்தச் சுற்றை நனைக்கும், அறுக்காது. அறுக்கத்தான் அழற்சியை அடக்கும் மருந்து.

ஸ்டீரொய்ட் அழற்சியைச் சில நாளிலேயே அடக்கும். அந்த வேகத்தால்தான் அதில் மனம் ஒட்டிக்கொள்கிறது. கிழமைக்கணக்கில் தொடர்ந்து விட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கண் அழுத்தம் ஓரளவு கூடும், சிலருக்கு மிக அதிகமாக. வழக்கமான அழுத்தம் பாதரச அளவில் 10 முதல் 21 மி.மீ. வரை. கூடினால் வலிக்காது, சிவக்காது. கண் நரம்பு கெட்டு, பார்வை ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் போகும். என்னிடம் வந்த கமக்காரர் ஒருவர் இப்படித்தான் கடையில் வாங்கி வருடக்கணக்கில் விட்டிருந்தார். பக்கத்தில் வந்த மாடு மோதிய பிறகுதான் சந்தேகப்பட்டிருக்கிறார். போன பார்வையை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஸ்டீரொய்டை நீண்ட நாள் விட்டால் கண்புரையும் வரலாம்.

வயலுக்குப் போகிற உங்களுக்கு இன்னொன்று. அறுவடையில் நெல் தாள் கண்ணைக் கீறினால் பூஞ்சணக் கிருமி உள்ளே போகலாம். அந்த நேரம் ஸ்டீரொய்ட் விட்டால் புண் காட்டுத்தீ போலப் பரவும். கீறியபின் வலி, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, பார்வை மங்கல் என்று ஏதாவது ஒன்று கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள்.

சரி, சைக்ளோஸ்போரின். சிறுநீரகம் மாற்றியவர்களின் உடல் புதிய உறுப்பைத் தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தின் மிகச் சிறிய அளவு இது, 0.05 வீதத் துளி மருந்துக்கு அமெரிக்காவில் 2002இல் அனுமதி கிடைத்தது. அழற்சியைத் தூண்டும் வெள்ளணுக்களை மெல்ல அடக்கி, கண்ணீர்ச் சுரப்பியை மீள வைக்கும். ஆனால் பலன் தெரிய மூன்று மாதம், முழுதாக ஆறு மாதம்கூட ஆகலாம். பத்தாம் நாள் நீங்கள் எதையும் உணராதது இயல்பு. எரிவும் இயல்புதான். அந்த மருந்தின் சோதனைகளில் 100 பேரில் 17 பேருக்கு எரிந்தது. பெரும்பாலும் போகப் போகக் குறையும். டொக்டர் முதலில் ஸ்டீரொய்டைச் சேர்த்து எழுதியதே, ஆரம்பத்து எரிவைத் தாங்கிக்கொள்ளத்தான்.

எரிவைக் குறைக்க ஒரு வழி: முதலில் செயற்கைக் கண்ணீர், 15 நிமிடம் கழித்து இது. பால் போன்ற மருந்தென்றால் போத்தலைச் சில தடவை கவிழ்த்து நிமிர்த்தி, ஒரே வெள்ளையாகிறதா என்று பாருங்கள். கை கழுவி, கீழ் இமையை இழுத்து, ஒரே ஒரு துளி. பிறகு கண்ணை மூடி, மூக்கோர மூலையை ஒரு நிமிடம் விரலால் அழுத்துங்கள். இரண்டாவது துளி கன்னத்தில்தான் வழியும், வீண். தகரக் கூரைக்குக் கீழே மருந்தை வைக்காதீர்கள்.

தைக்கும்போது நாம் இமைப்பது பாதியாகக் குறைந்துவிடும். ஒவ்வொரு நூல் மாற்றும்போதும் கண்ணை முழுதாக மூடித் திறவுங்கள். மின்விசிறி முகத்துக்கு நேரே வேண்டாம். சோளகக் காற்றுக் காலத்தில் வெளியே போனால் கண்ணாடி போடுங்கள். இரவில் வெந்நீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் மூடிய இமைமேல் வைத்தால், இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் திறக்கும்; கண்ணீர் சீக்கிரம் காயாது.

வாய் உலர்வும் மூட்டு வலியும் இருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள், இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். தடிமனுக்கும் அலர்ஜிக்கும் குடிக்கும் சில குளிசைகளும் கண்ணை உலர்த்தும்.

பரந்தன் வீதியில் பஸ் ஏறும் முன், இரண்டு போத்தலையும் முடிந்துபோன வெறும் போத்தல்களையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை போத்தல் முடித்தீர்கள் என்பதை மறைக்க வேண்டாம். ஏசுவார்கள் என்று பயப்படாதீர்கள். உங்கள் கண் நரம்பை எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அவர்களுக்குத் தெரியும்.