டவுன்லோடு மேனேஜருக்குச் சந்தா கட்டலாமா?

கேள்வி: 5 ஜிபி, 6 ஜிபி ஃபைல்களை இறக்கும்போது நெட் ஒருமுறை அறுந்தால் பிரவுசர் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. ஒரு டவுன்லோடு மேனேஜர் வருடச் சந்தா கேட்கிறது. நண்பரோ, "கர்ல் இருக்க எதுக்குக் காசு?" என்கிறார். கறுப்புத் திரையில் தட்டச்சு செய்து எனக்குப் பழக்கமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சந்தா வேண்டாம். கர்ல் (curl) என்பது கட்டளை அடித்து ஃபைல் இறக்க உதவும், 1998 முதல் இருக்கும் இலவச மென்பொருள். விண்டோஸ் 10-இல் 2018 ஏப்ரல் பதிப்பிலிருந்து அது கூடவே வருகிறது, மேக்கிலும் உண்டு. அநேகமாக நீங்கள் எதையும் நிறுவ வேண்டியதே இல்லை.

நீங்கள் சொன்ன அந்தக் கறுப்புத் திரையை, அதாவது விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து கர்ல் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியுடன் பெரிய எல். அதேபோல் பெரிய ஓ. கடைசியில் முகவரி, இரட்டை மேற்கோளுக்குள். மேற்கோளை விட்டுவிடாதீர்கள், முகவரியில் 'அண்ட்' குறி (&) இருந்தால் கட்டளை அந்த இடத்திலேயே துண்டாகிவிடும். பெரிய ஓ, ஃபைலை அதன் பெயரிலேயே சேமிக்கும். எல், முகவரி வேறிடத்துக்குத் திருப்பிவிட்டால் பின்தொடர்ந்து போகும்.

இந்த 'எல்' எழுத்தை மறந்து நானும் ஏமாந்திருக்கிறேன். 600 எம்பி வரவேண்டிய ஃபைல் கண்ணிமைப்பதற்குள் இறங்கிவிட்டது. வேகத்தை மெச்சிக்கொண்டே அளவைப் பார்த்தால் ஒரு கேபி கூட இல்லை. நோட்பேடில் திறந்தேன்: 'இந்தப் பக்கம் இடம் மாறிவிட்டது' என்று நாலு வரி.

பாதியில் நின்றால் அதே கட்டளையில் கழித்தல் குறியுடன் பெரிய சி, இடைவெளி, இன்னொரு கழித்தல் குறி சேர்த்து அடியுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும். பிழை எண் 33 வந்தால் அந்த சர்வர் தொடர அனுமதிப்பதில்லை என்று பொருள். அங்கே காசு கொடுத்து வாங்கிய மென்பொருளும் முதலிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

கேள்வி: பவர்ஷெல்லில் அடித்தால் சிவப்பு எழுத்தில் திட்டுகிறதே?

பதில்: பவர்ஷெல் என்பது விண்டோஸின் இன்னொரு கட்டளைத் திரை. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் கர்ல் என்பது வேறொரு கட்டளைக்கு வைத்த செல்லப்பெயர். பெயருக்குப் பின்னால் 'டாட் இஎக்ஸ்இ' (.exe) சேர்த்து அடியுங்கள், அசல் ஆள் வருவார்.

கேள்வி: 'பல மடங்கு வேகம்' என்ற விளம்பரம் உண்மையா?

பதில்: ஒவ்வொரு இணைப்புக்கும் சர்வர் வேகத்தைக் கட்டுப்படுத்தியிருந்தால் மட்டும். அப்போது ஃபைலைத் துண்டு துண்டாகப் பல இணைப்புகளில் இழுத்தால் பலன் தெரியும். அதற்கும் ஆரியா2 என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஒரே சர்வரோடு 16 இணைப்பு வரை வைத்துக்கொள்ளும். உங்கள் லைனே மெதுவென்றால் எதை வாங்கியும் பிரயோஜனமில்லை.

ஆரியா2, டபிள்யூகெட் போன்ற இலவச டவுன்லோடு கருவிகளைத் தேடுபொறியில் மேலே நிற்கும் விளம்பரத்திலிருந்து இறக்காதீர்கள். மேக்கில் ஹோம்ப்ரூ, உபுண்டுவில் ஏபிடி என்ற மென்பொருள் நிறுவும் கருவிகள் வழியாகவோ, அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ எடுங்கள்.

கேள்வி: பென் டிரைவில் நேராக இறக்கினால் எப்போதும் 4 ஜிபியில் நின்றுவிடுகிறது. கர்ல் சரியாக்குமா?

பதில்: ஆக்காது. உங்கள் பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறைக்கு ஃபார்மட் செய்யுங்கள். புது டிரைவ் வேண்டாம்.