வாடகையும் வெள்ளமும் தாங்கவில்லை, சென்னையை விட்டுத் திருச்சிக்குப் போய்விடலாமா?

வேளச்சேரியில் தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறை வீடு, வாடகை 27,000, மெயின்டெனன்ஸ் தனி. நான்கு வயதில் பெண் குழந்தை. மனைவிக்கு ஓ.எம்.ஆரில் (ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக இருக்கும் பழைய மகாபலிபுரம் ரோடு) இரவு ஷிப்ட். 2023 மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததிலிருந்து வானம் இருட்டினாலே தூக்கம் போய்விடுகிறது. சொந்த ஊர் லால்குடி பக்கம் என்பதால் திருச்சியே தேவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேளச்சேரியை விடுங்கள். சென்னையை இப்போதைக்கு விட வேண்டாம்.

எனக்கு இரண்டு ஊர் மீதும் தனிப் பாசம் கிடையாது. படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் சென்னையில். மடிப்பாக்கத்தில் குடியிருந்தோம். கணவர் வங்கியில் வேலை பார்க்கிறார், மாற்றல் வந்தது, கிளம்பினோம். இப்போது திருச்சி கே.கே. நகரில் இருக்கிறோம் (ஆமாம், இங்கேயும் ஒரு கே.கே. நகர் உண்டு).

வாடகை குறைந்தது உண்மைதான். மடிப்பாக்கத்தில் 21,000 கொடுத்தோம், இங்கே 12,000. வீடும் பெரிசு, துணி காயப்போட இடம், பின்பக்கம் கிணறு. அட்வான்ஸும் கம்மி. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பதுதான் ரொம்ப நாள் வழக்கம். 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்றுதான் சொல்கிறது, ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அது செல்லும் என்று கதவையும் திறந்து வைத்திருக்கிறது. வீடு தேடி அலைகிறவர் ஓனரிடம் சட்டம் பேசுவாரா என்ன!

ஆக மாதம் 9,000 மிச்சம். சந்தோஷம். கிண்டியில் அக்கவுன்ட்ஸ் வேலையில் 46,000 வாங்கிக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 19,000. அதே வேலை, கணக்கு எழுத அதே டாலி சாஃப்ட்வேர், அதே ஜி.எஸ்.டி. ரிட்டர்ன். கணவருக்கும் வீட்டு வாடகைப்படி குறைந்தது. பழைய வரிமுறையில் இருந்தால் இன்னொன்றும் உண்டு: வாடகைப்படி விலக்குக்கான வரம்பு சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், திருச்சியில் 40. பள்ளிக் கட்டணம் நான் நினைத்த அளவுக்குக் குறையவில்லை. பால், பெட்ரோல், காஸ் சிலிண்டர் எல்லாம் எந்த ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே விலை. காய்கறி கொஞ்சம் மலிவு, காந்தி மார்க்கெட் வரை போனால்.

உங்கள் கேள்வியில் "மனைவியும் அங்கே ஏதாவது பார்த்துக்கொள்வாள்" என்று ஒரு வரி போகிற போக்கில் வருகிறது. நீங்கள் முதலில் கணக்குப் போட வேண்டியது அந்த வரியைத்தான். வாடகை மிச்சம் பிடிக்க ஊர் மாறும் குடும்பங்களில் யாருடைய சம்பளம் போகிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். இந்தத் தெருவிலேயே என்னைப் போல நான்கைந்து பேர் இருக்கிறோம், எல்லாரும் பெண்கள். திருச்சி பக்கம் நவல்பட்டில் ஐ.டி. பூங்கா இருக்கிறது, கம்பெனிகளும் வந்திருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஓ.எம்.ஆரில் ஒரு வேலை போனால் பெருங்குடி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று அதே ரோட்டில் அடுத்த கம்பெனிக்கு ரெஸ்யூமே அனுப்பலாம். இங்கே அந்த வசதி கிடையாது, போன வேலைக்கு ஈடாக இன்னொன்று கிடைக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு என்று நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஒன்று தண்ணீர், இன்னொன்று ராத்திரி.

தண்ணீரைப் பொறுத்தவரை, நீங்கள் குடியிருப்பது ஏரியும் சதுப்பு நிலமும் இருந்த இடத்துக்குப் பக்கத்தில். தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு என்ற வாய்க்கால் வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கோவளம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி குப்பைக் கிடங்காகவும் கட்டடமாகவும் ரோடாகவும் போய்விட்டது. 2022-ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்தது மிச்சம் இருந்ததைத்தான். கனமழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்துகிறார்களே, வானிலை அறிக்கையைவிட எனக்கு அந்த வரிசை மேல்தான் நம்பிக்கை.

ஆனால் சென்னை முழுவதும் வேளச்சேரி இல்லை. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் பக்கம் மேடான தெருக்கள் நிறைய உண்டு. பள்ளமும் உண்டு, அதனால் ஏரியா பெயரை வைத்து முடிவு பண்ணாதீர்கள், தெருவைப் பாருங்கள். கேட்டைத் திறந்து உள்ளே போகும்போது படி ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா? ரோடு மேல் ரோடு போட்டுப் பழைய வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன, இறங்கினால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். ஈ.பி. மீட்டர் பெட்டி தலை உயரத்துக்கு மாற்றப்பட்டு, பழைய இடத்தில் சிமெண்ட் பூசிய தடம் தெரிந்தால் தண்ணீர் எதுவரை வந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. புரோக்கர் சொல்ல மாட்டார், ஓனரும் சொல்ல மாட்டார். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள், 2015-ல் எவ்வளவு, 2023-ல் எவ்வளவு என்று கையை வைத்தே காட்டுவார். முதல் மாடி என்றால் இன்னும் நல்லது. பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் 200 அடி ரோடு நேராக ஓ.எம்.ஆரில் கொண்டுபோய் விடும், கம்பெனி கேப் வருவதற்கும் சிக்கல் இல்லை.

மழைக்குப் பயந்து தெற்கே வருவது என்றால், மிக்ஜாம் முடிந்து இரண்டே வாரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலும் கோரையாறு நிரம்பி வழிந்தால் கருமண்டபம், எடமலைப்பட்டிபுதூர் பக்கம் தண்ணீர் வரும். இங்கேயும் அந்த இஸ்திரி வண்டிக்காரரைத் தேடத்தான் வேண்டும்.

ராத்திரி விஷயத்தில் நான் சொல்வது உங்களுக்கு விநோதமாக இருக்கலாம். சென்னையில் பதினோரு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து தனியாக நடந்து வந்திருக்கிறேன். டீக்கடை இருக்கும், கையேந்தி பவன் இருக்கும், என்னை மாதிரியே பையை மாட்டிக்கொண்டு நாலு பேர் நடப்பார்கள். இங்கே ஒன்பதரைக்கு மேல் எங்கள் தெருவில் நாய் மட்டும்தான். யாரும் ஒன்றும் செய்துவிடவில்லை, ஆனால் கூப்பிட்ட குரலுக்கு வர ஆள் இல்லாத தெருவில் நடக்க எனக்குச் சென்னையைவிட இங்கேதான் யோசனையாக இருக்கிறது.

இங்கே திருச்சியில் வீடு தேடிய சமயம். ஓனர் பெரியவர், நல்ல மனிதர், காபி எல்லாம் கொடுத்தார். எந்த ஊர், சைவமா, அப்பா என்ன பண்ணினார் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுவிட்டு, "தப்பா நினைக்காதம்மா, நீங்க என்ன ஆளுங்க?" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. கூட வந்த என் தோழி தனக்கும் மாடி போர்ஷன் கிடைக்குமா என்றாள். அவளுக்கு அமெரிக்க நேரத்தில் வேலை. "நைட் டூட்டியா? ராத்திரி ரெண்டு மணிக்கு காரு வந்து நின்னா தெருவுல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்களேம்மா" என்று முடித்துவிட்டார். சென்னையிலும் இந்தக் கேள்விகள் உண்டு, மயிலாப்பூர் பக்கம் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே அந்த வீடு இல்லையென்றால் நூறு வீடு. இங்கே அடுத்த ஓனர் இவருடைய வாக்கிங் கூட்டாளியாக இருப்பார். உங்கள் மனைவியின் ஷிப்ட் இரவுதான் என்றால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறான். மடிப்பாக்கம் மெயின் ரோட்டில் அதைக் கனவில்கூட அனுமதித்திருக்க மாட்டேன். அவன் வர நேரமானால் எதிர்வீட்டு அம்மா எனக்கு முன்னால் வாசலில் நிற்பார். உங்கள் பெண் குழந்தைக்குத் தாத்தா பாட்டி லால்குடியில் அரை மணி நேரத்தில் கிடைப்பார்கள், இதற்கு விலை போட முடியாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததுதான் உங்கள் வீட்டில் உண்மையான பிரச்சினை என்றால், வாடகையை விட்டுவிடுங்கள், அந்த ஒரு காரணத்துக்காகவே வரலாம். ஆனால் உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

வீடு வாங்கும் எண்ணத்தில் வருகிறீர்கள் என்றால் பஞ்சப்பூர் பக்கம் அவசரப்படாதீர்கள். புது பஸ் ஸ்டாண்டைக் காட்டியே மனை விலையை ஏற்றிவிட்டார்கள்.

மனைவியின் கம்பெனி நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை என்று எழுத்தில் கொடுத்தால் என் பதில் மாறும். வாய்வார்த்தையாக மேனேஜர் சொன்னது போதாது, மேனேஜர் மாறிவிடுவார். அப்படி ஒரு கடிதம் கைக்கு வந்துவிட்டால் கமென்ட்டில் சொல்லுங்கள், இரவு ஷிப்டுக்கு முகம் சுளிக்காத ஓனர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று என் தோழியைக் கேட்டு எழுதுகிறேன். அவளுக்குக் கடைசியில் வீடு கிடைத்துவிட்டது.